ஏழாம் வகுப்பு ‘இ’ பிரிவு, வரிசை எண் முப்பத்து நான்கு

அனுப்புநர்
வகுப்பாசிரியர் (அறிவியல்),
ஏழாம் வகுப்பு ‘இ’ பிரிவு,
நடுநிலைப் பள்ளி,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம்.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பள்ளியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய செயலாய்வின்போது விடுபட்டுப்போன மாணவி ஒருவரை (சேர்க்கை எண் 2716) எட்டாம் வகுப்புக்கான தேர்ச்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம்.
2. இதே பொருளில் நான் அனுப்பிய இரண்டு மனுக்கள்.
3. அவற்றுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு பதில்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் மேசையில் எத்தனை கோப்புகள் காத்திருக்கும் என்று அறிந்தும் மூன்றாம் முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டு மனுக்களையும் விதிப்படி அரைப்பக்கத்தில் முடித்தேன். அரைப்பக்கத்தில் இந்த விஷயம் அடங்கவில்லை என்பது தங்கள் பதில்களைப் பார்த்த பிறகு புரிந்தது. எனவே இம்முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. நான் இப்பள்ளியில் இருபத்து மூன்று ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருகிறேன். ஆசிரியர் அறையில் எனக்கு ‘வானொலி’ என்று பெயர். எந்த ஆசிரியை யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எங்கே இடமாறுதல் என்பதெல்லாம் என் வழியாகத்தான் ஒலிபரப்பாகும். அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் வம்பு வேண்டாம் என்று என் மனைவி கண்டித்திருக்கிறார். ஆனால் என்னிடமிருந்து வம்பை எடுத்துவிட்டால் கையொப்பம் ஒன்றுதான் மிஞ்சும். எல்லாரையும் கவனிப்பவன் என்று பெயர் வாங்கிய ஒருவன், கண்ணெதிரே இருந்த ஒரு பிள்ளையைக் காணாமல் போக்கிய விவரம்தான் இது.

2. இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைக்கும் ஒப்பந்தம் ஆனது. மை காய்வதற்குள் தலைமையாசிரியை அம்மையார் வாசலில் ‘பல்கலைக்கழகப் பங்காளிப் பள்ளி’ என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். பங்காளி என்றால் எங்கள் வீட்டில் கிணற்றுச் சுவர் விஷயமாகப் பதினாறு வருடம் பேசாமல் இருப்பவர் என்று அர்த்தம். ஆனால் வந்த பேராசிரியர் அப்படிப்பட்டவர் அல்லர். மென்மையானவர். சட்டைப்பையில் நான்கு நிறப் பேனாக்கள் வைத்திருப்பார். எதைச் சொன்னாலும் “மகிழ்ச்சி” என்பார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னதற்கும் மகிழ்ச்சி என்றார். அவர்மீது எனக்கு இம்மனுவில் புகார் ஏதும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

3. செயலாய்வு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பல்கலைக்கழகத்தார் வந்து எங்களை ஆராய்ந்துவிட்டுப் போவது அல்ல. வகுப்பெடுக்கும் ஆசிரியரே தன் வகுப்பை ஆராய்வது. திட்டமிட வேண்டும், செய்ய வேண்டும், கவனிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், மறுபடி திட்டமிட வேண்டும். ஆறு வாரம் ஒரு சுற்று, இரண்டு சுற்றுகள். நான் ‘கூட்டு ஆய்வாளர்’ ஆனேன். தினமும் வகுப்பு முடிந்ததும் சிந்தனைக் குறிப்பேட்டில் அன்று பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். செவ்வாய், வியாழன்களில் பேராசிரியரின் ஆய்வு மாணவி வந்து ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, எந்தப் பிள்ளை எத்தனை முறை பேசுகிறது என்று கோடு போட்டு எண்ணுவார். ஆய்வுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: ‘வகுப்பில் பேசாத மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?’

4. ஆய்வுக்கு முன் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது பல்கலைக்கழக நெறிக்குழுவின் விதி. நல்ல விதி. நான்கு பக்கப் படிவம் நாற்பது வீடுகளுக்குப் போனது. முப்பத்தொன்பது படிவங்கள், நாமெல்லாம் படிவத்தில் கையெழுத்துப் போடுவதுபோல, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்தாகி வந்தன. ஒன்றில் மட்டும் ‘சம்மதம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அந்தத் தாயார் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பது அவர் தொழில். என்னிடம் வந்து சொன்னார்: “மூணாம் பக்கத்துல, எடுத்த குரலை எவ்வளவு காலம் வேணா வெச்சுக்குவோம்னு போட்டிருக்கீங்க சார். என் பொண்ணு குரலை எதுக்கு உங்ககிட்ட வெச்சுட்டுப் போகணும்? மத்தபடி நீங்க நல்லாப் பாடம் நடத்துங்க.” அதோடு இரண்டாம் பக்கத்தில் விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றெழுத்தையும் பென்சிலால் போட்டிருந்தார்.

5. அந்த மாணவிதான் வரிசை எண் முப்பத்து நான்கு. நாங்கள் வைத்த பெயர் பம்பரம். உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டாள். என் சர்வீசில் அவளைப்போல் ஒரு வாயாடியைப் பார்த்ததில்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு கேள்விகள் முளைத்திருக்கும். ‘புவியீர்ப்பு எல்லாத்தையும் கீழே இழுக்குதுன்னா, சார் தலைமுடி மட்டும் ஏன் சார் இத்தனை வருஷம் மேலேயே இருந்துச்சு?’ என்று கேட்டவள் அவள்தான். பேசாதவர்களைப் பேச வைக்கும் ஆய்வில், வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள் இல்லை.

6. விதியைப் பேராசிரியர் எனக்கு மிகவும் அன்பாக விளக்கினார். “அந்தப் பொண்ணு வகுப்புல இருக்கலாம், படிக்கலாம், எல்லாம் செய்யலாம் சார். தரவுல மட்டும் வரக் கூடாது. அது அவங்க உரிமை.” அவள் கை தூக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். “பாக்காத மாதிரி இருந்துடுங்க. சாதாரண ஆசிரியரா இருந்தா பரவாயில்ல. நீங்க இப்ப கூட்டு ஆய்வாளர். நீங்க பாக்கறதெல்லாம் தரவு. பன்னிரண்டு வாரம்தானே சார்.” இதை ஒரு சுற்றறிக்கையாக எழுதி, விதி எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று தலைமையாசிரியை அம்மையார் மற்ற பாட ஆசிரியர்களுக்கும் அனுப்பினார். பம்பரத்தை அழைத்து, இது தண்டனை இல்லை என்று நானே சொன்னேன். “பன்னிரண்டு வாரம் நான் வாயை மூடணுமா சார்?” என்றாள். மூட வேண்டாம், நாங்கள் காதை மூடிக்கொள்கிறோம் என்று நகைச்சுவையாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதைச் சொன்ன நாக்கை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

7. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. அலமாரிக்குப் பக்கத்து பெஞ்சில் அவள் கை ஆடிக்கொண்டே இருக்கும். என் கண் முப்பத்து மூன்றிலிருந்து நேரே முப்பத்து ஐந்துக்குத் தாவப் பழக வேண்டியிருந்தது. இடையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். கழுத்து வலி வந்து தைலம் தேய்த்தேன். மூன்றாம் வாரம் கழுத்து வலி போய்விட்டது. கடிகாரம் தேவைப்படவில்லை. நான்காம் வாரம் ஒரு நாள் மதிய இடைவேளையில், காலையிலிருந்து அவளை நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. ஆய்வில் தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று அப்போது மனதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அதன் பிறகு உறைப்பதும் நின்றுவிட்டது.

8. பிள்ளைகளிடம் யாரும் எந்த விதியும் சொல்லவில்லை. அவர்கள் என் கண்ணிலிருந்து கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒருத்தியை ஒதுக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒதுக்குகிறவர்கள் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது அப்படி இல்லை. நால்வர் குழுவில் “நாங்க மூணு பேர்தான் சார்” என்று சொன்ன பிள்ளையின் முகத்தில் குறும்பு ஏதும் இல்லை. ஒரு நாள் முப்பத்து மூன்றாம் எண் பையன், காலியாக இருக்கும் பெஞ்சில் வைப்பதுபோலத் தன் புத்தகப் பையைப் பக்கத்தில் வைத்தான். அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். பை அவள் மடியில் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பீரியட் முழுவதும் அவள் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

9. முதல் சுற்று முடிந்ததும் பங்காளிகள் கூட்டம் நடந்தது. ஆய்வு மாணவி முதல் செவ்வாய்க்கிழமைப் பதிவைப் போட்டுக் காட்டினார். அன்று விதி புதிது. பழக்கதோஷத்தில் நான் ஒரு முறை தவறியிருந்தேன். இடி மின்னல் பாடம். பம்பரம் எழுந்து, “மின்னல் மட்டும் வந்து இடி கேக்கலைன்னா, அந்த இடி எங்க சார் போயிருக்கும்?” என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, நல்ல கேள்வி, உட்கார் என்றேன். பதிவில் என் குரல் கணீரென்று இருந்தது. பெஞ்சு பின்னால் நகரும் சத்தம் இருந்தது. பிறகு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். பிறகு நான் சிரிக்கிறேன். “நல்ல கேள்வி, உக்காரு” என்கிறேன். மறுபடி பெஞ்சு நகர்கிறது.

10. “என்ன சார், நீங்களே பேசி நீங்களே சிரிச்சுக்கறீங்க?” என்று தலைமையாசிரியை அம்மையார் கேட்க, அறையே சிரித்தது. விதிப்படி அவள் குரலை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்து, சுத்தமாக வெட்டியிருக்கிறீர்கள் என்று ஆய்வு மாணவியைப் பாராட்டினேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நான் எதையும் வெட்டல சார். வெட்ட வேண்டிய இடம் எதுவும் வரல.” பேராசிரியர், “மகிழ்ச்சி. சுத்தமான தரவு” என்றார். அன்றைக்கே எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். தேநீர் வந்தது. குடித்தேன்.

11. பன்னிரண்டு வாரம் முடிந்து அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையில் பேராசிரியர் பெயருக்குக் கீழே என் பெயர். பிறந்தது முதல் என் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே. அதிலும் அப்பா பெயர்தான் பெரிதாக இருந்தது. ஐந்து பிரதிகள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ‘வகுப்பிலுள்ள முப்பத்தொன்பது மாணவர்களும் பேசினர், பேசாத மாணவர் எவரும் இல்லை’ என்பது முடிவு. மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கேட்டார்.

“என்னங்க, உங்க கிளாஸ்ல நாப்பது பேருன்னுதானே சொல்வீங்க?”

எப்போதும் முப்பத்தொன்பதுதான் என்றேன். பொய் சொல்லவில்லை, அம்மையீர். அப்படித்தான் நினைத்தேன்.

“அப்ப உங்க தலைமுடியைக் கிண்டல் பண்ணிச்சே ஒரு வாயாடி, தினமும் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே, அது யாரு? ரெண்டு மாசமா அதைப் பத்திப் பேச்சே காணோம். பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிடுச்சா?”

யார் என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் யோசித்தேன். என் மனைவி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதவர். அவருக்கு எந்த விதியும் இல்லை. நான் வம்பளந்தது அவரிடம் அப்படியே இருந்தது. என்னிடம் இல்லை.

12. எழுந்துபோய் என் சிந்தனைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரத்தில், அவள் பேசிய இடம் வரும்போதெல்லாம் எழுதக் கூடாது என்பதால் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். திங்கள் பதினொரு காலி வரிகள். செவ்வாய் ஒன்பது. இரண்டாம் வாரம் ஐந்து, நான்கு. மூன்றாம் வாரம் ஒன்று. பிறகு வரிகள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக ஓடுகின்றன. அவள் கேட்பதை நிறுத்தினாளா, நான் கேட்பதை நிறுத்தினேனா என்று அந்தக் குறிப்பேட்டிலிருந்து சொல்ல முடியாது. அந்தக் காலி வரிகளின் நகலை இணைத்துள்ளேன். என்னிடமுள்ள ஆதாரங்களில் அதுதான் வலுவானது.

13. மறுநாள் காலை வருகைப் பதிவின்போது முப்பத்து மூன்றுக்குப் பிறகு நிறுத்தி, முப்பத்து நான்கு என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வகுப்பு என்னைத்தான் பார்த்தது. அலமாரிக்குப் பக்கத்தில் அவள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டுதான் இருந்தாள், அம்மையீர், அத்தனை நாளும் விடுப்பு எடுக்காமல் வந்துகொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். நான் பார்க்காத நாட்களில் வளர்ந்திருக்கிறாள். உதடுகள் அசைந்தன. மூன்று அறை தள்ளிக் கிசுகிசுத்தாலும் பிடித்துவிடும் காது என்னுடையது, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பச் சொல் என்றேன். திரும்பச் சொன்னாள். மின்விசிறிதான் கேட்டது.

கரும்பலகையில் எழுதச் சொன்னேன். வந்து எழுதினாள். ‘ஒலி செல்ல ஊடகம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். இங்கே காற்று இல்லையா சார்?’

நான் அதை வகுப்புக்கு வாசித்துக் காட்டுவதற்குள் அன்று பலகை துடைக்கும் முறைக்காரப் பிள்ளை எழுந்துவந்து, யாரோ விட்டுப்போன பழைய எழுத்தை அழிப்பதுபோல, ஓரத்திலிருந்து ஓரம்வரை பலகையைத் துடைத்துவிட்டு, சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

14. இதுவரை சொன்னதைத் தாங்கள் என் வயதின்மீதும் என் கற்பனையின்மீதும் சுமத்தலாம். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. நானே பல நாள் அப்படிச் சுமத்திப் பார்த்தேன். ஆனால் இனி சொல்வது காகிதம் சம்பந்தப்பட்டது. பங்காளி என்ற முறையில் பல்கலைக்கழகம் எங்கள் வகுப்புப் பதிவேடுகளை இலவசமாகக் கணினியில் ஏற்றிக் கொடுத்தது. ஏழாம் வகுப்பு ‘இ’ பிரிவை மட்டும் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றவில்லை. ஆய்வுக்காக முன்பே தட்டச்சு செய்த பட்டியல் கையில் இருந்ததால் அதையே ஏற்றினார்கள். அதில் முப்பத்தொன்பது பேர். அந்தப் பட்டியலே தேர்ச்சிப் பட்டியலாகித் தங்கள் அலுவலகம் வந்துள்ளது. எங்கள் கட்டடத்தில் இடம் இல்லாததால் எட்டாம் வகுப்பு மட்டும் மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. அங்கே வாசலில் பட்டியல் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை மூடப்படுகிறது.

15. தலைமையாசிரியை அம்மையார் என் கண் முன்னாலேயே நாற்பதாவது வரியைச் சேர்த்தார். சேமித்தார். மறுநாள் திறந்தால் முப்பத்தொன்பது. மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் அவர் கணினியை அணைத்துவிட்டு, “எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு சார், என்னை விட்டுடுங்க” என்றார். தங்கள் அலுவலகத்தின் முதல் பதில்: ‘தாங்கள் குறிப்பிடும் மாணவி பட்டியலில் இல்லாததால், பட்டியலில் சேர்க்க இயலாது.’ எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பன்னிரண்டு வாரம் அப்படித்தான் யோசித்தேன். இரண்டாம் மனுவோடு அவளுடைய ஆண்டுத் தேர்வு அறிவியல் விடைத்தாளை இணைத்தேன், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மூன்று குண்டூசி குத்தினேன். ‘உறையில் இணைப்பு ஏதும் காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் கடிதத்தின் மேல் மூலையில் மூன்று துளைகள் இருந்தன.

16. சென்ற சனிக்கிழமை அவள் தாயார் வகுப்பறைக்கு வந்தார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கையில் வைத்திருந்த சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“ஸ்கூல்ல யாரும் என்கூடப் பேசறதில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார். சின்னப் பசங்க சண்டைன்னு விட்டுட்டேன். இப்ப அவ பேசறது எனக்கே பக்கத்து வீட்டுல யாரோ பேசற மாதிரி கேக்குது.” பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “நேத்து மத்தியானம் சாப்பிட உக்காரும்போது ரெண்டு தட்டு எடுத்து வெச்சேன். நாங்க மூணு பேரு சார். அவளே எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துட்டு வந்தா. இருபது வருஷமா, விட்டுப்போன எழுத்தைக் கண்டுபிடிக்கறதுதான் சார் என் வேலை.”

எனக்கு அப்போது ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

“அந்தப் படிவத்தைக் குடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார். நான் அங்கேயே பேராசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். முடிந்துபோன ஆய்வுக்குச் சம்மதம் வாங்க விதியில் இடமில்லை என்றார். அவர் மகிழ்ச்சி என்று சொல்லாமல் தொலைபேசியை வைத்தது இதுவே முதல் முறை. என்னைக் கேட்டால், இடமிருந்தாலும் அந்தத் தாயாரைக் கையெழுத்துப் போட விட்டிருக்கக் கூடாது. தன் பிள்ளையின் குரலை அந்நியர் எடுத்துப்போக வேண்டாம் என்றார். அது நியாயம். வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளை இருந்த இடமே இல்லாமல் போகும் என்றால், மற்ற முப்பத்தொன்பது வீட்டார் கொடுத்தது சம்மதம் ஆகாது. இதை ஆய்வின் முடிவாக நான் எழுதியிருக்க வேண்டும். அறிக்கையில் என் பெயருக்குக் கீழே அந்த வரி இல்லை.

17. ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. சேர்க்கை எண் 2716 உள்ள மாணவியைத் தங்கள் கையால், மையால், தேர்ச்சிப் பட்டியலில் எழுதித் தங்கள் முத்திரையை அதன்மேல் வைக்க வேண்டும். கணினியை நம்ப வேண்டாம். பழைய காகிதப் பதிவேட்டை அனுப்பியுள்ளேன். அதில் அவள் பெயர் இருக்கும் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். விரலை எடுத்தால் அடுத்த வரிக்குக் கண் போய்விடுகிறது. எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. இனி எந்தப் பள்ளி எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தாலும், சம்மதம் தராத பிள்ளையை ஆய்வேடு பார்க்காமல் இருக்கட்டும், ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். என்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதானால், அதைப் பட்டியல் மூடிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

18. தபாலில் அனுப்பியவை வந்து சேரும் விதத்தைப் பார்த்துவிட்டதால், இம்மனுவை அந்தத் தாயிடமும் மகளிடமும் நேரில் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்நேரம் அவர்கள் தங்கள் மேசைக்கு எதிரில் நிற்கிறார்கள். அருள்கூர்ந்து நிமிர்ந்து பாருங்கள். அந்த அம்மா மட்டும் தனியாக வந்திருப்பதாகத் தோன்றினால், அவருக்கு இடது கைப்பக்கம், அவர் தோளுக்குச் சற்றுக் கீழே, பார்வையை நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ‘உன் பேர் என்னம்மா?’ என்று கேளுங்கள். உடனே பதில் கேட்காது. மின்விசிறியை அணைக்கச் சொல்லுங்கள். இன்னொரு தரம் கேளுங்கள். அவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருந்தவள் இல்லை. கேட்கும்வரை அவர்களை அனுப்பிவிடாமல் இருக்கும்படி தங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
வகுப்பாசிரியர், ஏழாம் வகுப்பு ‘இ’ பிரிவு

நாள்: மே 14, செவ்வாய்க்கிழமை
இடம்: பள்ளி ஆசிரியர் அறை

இணைப்பு: 1. வகுப்புப் பதிவேடு (காகிதம்). 2. சிந்தனைக் குறிப்பேட்டின் காலி வரிகள், நகல்.

நேரில் கொண்டுவருவோர்: இருவர்.